ஒன்பது பாட்டிலும் ஒரு பிரகாரமும்

பயணம் எழுதுகிறவர்கள் காசிக்குப் போவார்கள், சிங்கப்பூருக்குப் போவார்கள். நான் போனது மரக்காணம். எங்கள் ஊரில் பஸ் ஏறி, வாயில் போட்ட வெற்றிலை தீருவதற்குள் இறங்கிவிடலாம். ஆனாலும் மூன்று நாள் தங்கினேன். பாஷை தெரியாத மனுஷர்களோடு சாப்பிட்டேன். உயிர் போய் உயிர் வந்தது. அதனால் இதையும் ஒரு பயணம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். எட்டாவது வரை படித்தவன் எழுதுகிறேன். பிழை இருந்தால் ஈஸ்வரன் பொறுத்துக்கொள்வான், நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பெருமுக்கல் தாண்டி உள்ளே இருக்கிறது எங்கள் ஊர். அங்கே சின்னதாக ஓர் ஈஸ்வரன் கோயில். அதன் சாவி இருபத்தைந்து வருஷமாக என் இடுப்பில்தான். சாயந்திரம் கோயிலைத் திறந்து, பிரகாரத்தைச் சுற்றி ஒன்பது இடத்தில் அகல் ஏற்றிவிட்டு வருவேன். பரம்பரை வேலை இல்லை, சம்பளமும் இல்லை. ஆசைப்பட்டு வாங்கிக்கொண்ட வேலை.

அந்த மாசி மாதத்தில் இரண்டு தப்பு நடந்துவிட்டது. ஒரு நாள் பூட்டாமல் வந்துவிட்டேன். ஆடு உள்ளே புகுந்து நந்தியின் மாலையைத் தின்றுவிட்டது. இன்னொரு நாள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாவியைக் காணோம் என்று தெருவெல்லாம் தேடினேன். ஏழெட்டுப் பேர் என்னோடு சேர்ந்து தேடினார்கள். கடைசியில் என் கையைப் பார்த்தது என் பங்காளி ஏகாம்பரம்.

"அண்ணனுக்கு மூளை கழண்டுக்கிச்சி. சாவிய எங்கிட்ட குடுத்துட சொல்லுங்க" என்று அவன் ஊர்க் கூட்டத்தில் சொல்லிவிட்டான். கெட்டவன் இல்லை. ரொம்ப நாளாக அந்தச் சாவி மேல் அவனுக்கு ஒரு கண். கூட்டத்தில் முடிவானது இதுதான்: மறதி டாக்டரிடம் போய், மூளை சரியாக இருக்கிறது என்று எழுத்தில் வாங்கி வந்தால் சாவி எனக்கு. இல்லாவிட்டால் ஏகாம்பரத்துக்கு. அதுவரை அவனே வைத்திருக்கட்டும்.

இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு இடுப்பு காலியாக இருந்தது. வேட்டியே நிற்காத மாதிரி இருந்தது.

மறதி டாக்டர் யார் என்று கேட்டால், அதற்கும் ஈஸ்வரனே வழி வைத்திருந்தான். அந்த மாசியில்தான் சுவடி ஐயா ஒருவர், பழைய ஓலை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்திருந்தார். பல நூறு வருஷத்துக்கு முந்தைய வைத்தியச் சுவடி ஒன்றை அவர் எங்கேயோ படித்தாராம். உப்பங்கழியில் உப்பு எடுத்த பிறகு கடைசியாக நிற்கிற கசப்புத் தண்ணீர் மறதிக்கு மருந்து என்று அதில் இருக்கிறதாம். அது நிஜமா என்று பார்க்க நாலு பேர் சேர்ந்து மரக்காணத்தில் வீடு எடுத்திருந்தார்கள். ஓலை படிக்க சுவடி ஐயா. தண்ணீரைச் சோதிக்க ஒரு கெமிஸ்ட்ரி சார். உப்பளத்தில் பேசுகிற வார்த்தைகளைப் பதிவு பண்ண வெளிநாட்டிலிருந்து ஒரு வெள்ளைக்காரம்மா. மறதியைப் பார்க்க ஒரு டாக்டரம்மா. "மூணு நாள் எங்களோட இருங்க, அவங்க பாத்து எழுதித் தருவாங்க" என்றார் சுவடி ஐயா.

சுனாமி வந்து மறு வருஷமும் கழிந்து, பங்குனியில், ஒரு வியாழக்கிழமை கிளம்பினேன். பஸ் ஏறுமுன் மாரியம்மன் கோயிலில் நின்று இரண்டு வேண்டுதல். ஒன்று, சாவி திரும்ப வேண்டும். இரண்டு, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்ட என் கொல்லைக்கு ஒரு மழை வேண்டும்.

மரக்காணத்தில் இறங்கியதும் வெய்யில் மண்டையைப் பிளந்தது. எங்கள் ஊர் வெய்யிலுக்கு ஒரு வேப்பமர நிழலாவது துணையாக இருக்கும். இந்த ஊர் வெய்யில் மேலேயும் அடிக்கிறது, உப்பில் பட்டுக் கீழேயிருந்தும் அடிக்கிறது. பஜனைக் கோயில் வாசலில் பானகம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு டம்ளர் குடித்தேன். மூன்றாவது கேட்டதற்கு, "பெருசு, ராமருக்குக் கொஞ்சம் வுட்டு வைய்யி" என்றார் ஊற்றுகிறவர்.

டாக்டரம்மா சின்ன வயசு. கண்ணாடி போட்டிருந்தார். அடக்கமானவர். என்னை உட்கார வைத்து முதல் கேள்வி கேட்டார்.

"ஐயா, இன்னைக்கு என்ன தேதி?"

"ஸ்ரீராமநவமிம்மா. பங்குனி உத்திரத்துக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்குது."

"இங்கிலீஷ் தேதி?"

"அது வீட்ல காலண்டர்ல இருக்குதும்மா."

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். அப்புறம் ஐந்து வார்த்தை சொன்னார். குதிரை, சுண்ணாம்பு, தொட்டில், ஏணி, எலுமிச்சை. "மனசுல வச்சுக்கங்க, அப்புறம் கேப்பேன்" என்றார். அடுத்து வெளிநாட்டுப் புத்தகத்திலிருந்து படம் காட்டினார். முதல் படம் வளைந்த கட்டையில் நிறையக் கம்பி கட்டியது. "தறிம்மா" என்றேன். அது தந்தி வாத்தியமாம். அடுத்தது வெள்ளை வெளேர் என்று உருண்டையாக ஒன்று.

"உப்பு அம்பாரம்" என்றேன்.

"இல்லீங்க, நல்லாப் பாருங்க."

"உப்புதாம்மா. ஆனா இதுக்கு ஏன் வாசல் வெச்சிருக்காங்கன்னு தெர்ல."

பக்கத்து அறையிலிருந்து வெள்ளைக்காரம்மா சிரித்துக்கொண்டே வந்துவிட்டார். பனிக்கட்டியில் கட்டின வீடாம் அது. இரண்டு பேரும் இங்கிலீஷில் சண்டை போட்டார்கள். சுவடி ஐயா எனக்குத் தமிழில் சொன்னார்: "இந்தப் படத்தைக் காட்டினா இந்த ஊர்ல யாருக்கும் ஞாபகம் இல்லைன்னுதான் வரும்னு அந்தம்மா சொல்றாங்க. எல்லா நாட்டுக்கும் ஒரே படம்தான்னு டாக்டர் சொல்றாங்க."

சண்டை முடிந்ததும் டாக்டரம்மா அந்த ஐந்து வார்த்தையைக் கேட்டார். நான், "குதிரை, எலுமிச்சை, பானகம்" என்றேன்.

"பானகம் நான் சொல்லலையே."

"நான்தாம்மா குடிச்சேன்."

முப்பதுக்குப் பதினொன்று என்று பேப்பரில் எழுதினார். ஏகாம்பரம் இடுப்பில் என் சாவி ஆடுவது என் கண்ணுக்கு அப்படியே தெரிந்தது.

ராத்திரி அந்த ஊரிலேயே இருக்கிற என் மச்சான் வீட்டில் படுத்தேன். உத்திர விரதம் என்பதால் அவர்கள் வைத்திருந்த வஞ்சிரக் குழம்பை வாசனையோடு நிறுத்திக்கொண்டு ரசம் சாதம் சாப்பிட்டேன். ரசத்தில் உப்பு போட மறந்துவிட்டார்கள். உப்பு விளைகிற ஊரில்! யாரும் அவர்களை டாக்டரிடம் அனுப்பவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கெமிஸ்ட்ரி சார் ஒன்பது பாத்தியில் தண்ணீர் எடுக்கப் போனார். பெட்டி தூக்க நானே முன்வந்தேன். சும்மா உட்கார்ந்தால் சாவி ஞாபகம். வெள்ளைக்காரம்மா ஒரு சின்ன டேப் ரிக்கார்டரோடு கூட வந்தார்.

உப்பளத்தை முதல் தடவையாக உள்ளே போய்ப் பார்க்கிறேன். எங்கள் ஊரில் வயல் பச்சை, இங்கே வெள்ளை. நாங்கள் மழைக்கு ஏங்குவோம், இவர்கள் மழை வேண்டாம் என்று கும்பிடுவார்கள். முதல் பாத்தியில் அஞ்சலை என்கிற அம்மா நீளக் கம்பு வைத்த பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரம்மா அவரிடம் ரிக்கார்டரை நீட்டி, அந்தப் பலகையைக் காட்டி, "அம்மையீர், தாங்கள் இக்கருவியை எவ்வாறு அழைப்பீர்கள்?" என்று கேட்டார்.

அஞ்சலை என்னைப் பார்த்தார். "இன்னாது, தெருக்கூத்துல ராஜா வந்த மாதிரி பேசுது?"

"பலகைக்கு இன்னா பேருன்னு கேக்கறாங்கம்மா."

"பலகைக்குப் பேரு பலகைதான்! இதுக்கா ஏரோப்ளேன்ல வந்துச்சி?"

வெள்ளைக்காரம்மா அதையும் சந்தோஷமாக எழுதிக்கொண்டார்.

கெமிஸ்ட்ரி சார் ஒரு பாத்தியில் பாட்டிலை நிரப்பி, மூடி, வெள்ளைக் காகிதம் ஒட்டிப் பேனாவில் ஏதோ எழுதி, என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த பாத்திக்குப் போவார். நான் பெட்டியில் வைத்து மூட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதில்தான் நான் கையை வைத்தேன்.

வெள்ளிக்கிழமை. நிறைந்த தண்ணீர். எங்கள் வீட்டில் நிறைகுடத்தை நெற்றி வெறுமையாக வைக்கிற வழக்கம் இல்லை. என் பையில் விபூதி, குங்குமம், சந்தன வில்லை எப்போதும் இருக்கும். குடிக்கிற தண்ணீரைத் தொட்டு மூன்றையும் தனித்தனியாகக் குழைத்து, பாட்டிலுக்கு நெற்றி எது என்று பார்த்தேன். வெள்ளைக் காகிதம்தான் நெற்றி மாதிரி இருந்தது.

ஒன்பது பாத்தி, ஒன்பது பாட்டில். எனக்கு ஒன்பது என்றாலே பிரகாரம்தான். முதல் பாட்டில் நந்தி, மூன்று கோடு விபூதி. அடுத்தது நால்வர், நாலு சந்தனப் பொட்டு. பிறகு தட்சிணாமூர்த்தி, பிள்ளையார், முருகனுக்கு ஆறு பொட்டு, துர்க்கைக்குக் குங்குமம் மட்டும். சண்டிகேஸ்வரர் எதையும் வாங்கிக்கொள்ளாதவர், அதனால் பட்டும் படாமல் ஒரே துளி விபூதி; கோயிலில் செய்கிற மாதிரி, எதையும் எடுத்துப்போகவில்லை என்று காட்ட மெதுவாக இரண்டு தட்டும் தட்டினேன். எட்டாவது நவக்கிரகம். ஒன்பதாவது பைரவர்.

ஒன்பதாவதுதான் அந்தக் கசப்புத் தண்ணீர். சுவடி சொன்ன மறதி மருந்து. சார் முதுகைத் திருப்பி நின்றார். எனக்கு முப்பதுக்குப் பதினொன்று. தீர்த்தம் வாங்குகிற மாதிரி உள்ளங்கையில் ஊற்றி மூன்று தடவை குடித்தேன். மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டேன். வேப்பெண்ணெய் அதைவிடத் தித்திப்பாக இருக்கும். முகத்தைக் கோணாமல் இருக்க ஈஸ்வரன் எனக்கு அன்று தனியாக பலம் கொடுத்தான்.

பெட்டியை அவர்களுடைய வாடகை வேனில் ஏற்றி அரை மணி நேரம் ஆகவில்லை. பைரவர் வேலையைக் காட்டிவிட்டார்.

உப்பளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணுக்கெட்டிய தூரம் மரம் கிடையாது, புதர் கிடையாது, மறைவு என்று ஒன்றும் கிடையாது. உப்பு அம்பாரம்தான் இருக்கிறது. உப்பு லட்சுமி. லட்சுமிக்குப் பின்னால் போய் அந்தக் காரியம் செய்ய முடியுமா? அதுவும் வெள்ளிக்கிழமை! "சார், எனக்கு ஒரு அவசரம்" என்றேன். என் முகத்தைப் பார்த்த டிரைவர் வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வரப்பு மேல் வேன் பறந்தது. ஒரு பக்கம் சக்கரம் பாத்தியில் இறங்கி, மறுபடி ஏறி, ஈசிஆர் ரோட்டைப் பிடித்து, கூனிமேட்டில் ஒரு பாய் டீக்கடை வாசலில் போய் நின்றது.

பாய்க்கு விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. "பின்னாடி, வலது பக்கம், தண்ணி இருக்குது, போங்க" என்றார். நாலு தடவை போனேன். நாலாவது தடவை பாய் எழுந்து நின்று வழி விட்டார். திரும்பி வந்ததும் எலுமிச்சை பிழிந்த பால் இல்லாத டீ ஒன்றைச் சூடாகக் கையில் கொடுத்தார்.

"இன்னா சாப்ட்டீங்க?"

"மருந்து, பாய்."

"எதுக்கு?"

"மறதிக்கு."

"மாஷா அல்லா! இத உங்க ஆயுசுக்கும் மறக்க மாட்டீங்க" என்றார். டீக்குக் காசு வாங்கவில்லை. வயிறு காலியானவனிடம் காசு வாங்கினால் பரக்கத், அதாவது கடைக்கு விருத்தி, இருக்காதாம். அந்த மனுஷர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

திரும்பி வருகிறபோது வானம் கறுத்தது. பங்குனியில் அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. உப்பளத்தில் அஞ்சலையும் மற்றவர்களும் கீற்றுகளை எடுத்துக்கொண்டு அம்பாரத்தை மூட ஓடினார்கள். நாங்களும் இறங்கி ஓடினோம். வெள்ளைக்காரம்மா தலையில் ஒரு கீற்று, வீட்டிலிருந்து ஓடி வந்த சுவடி ஐயா தலையில் ஒரு கீற்று. மூடின வரைக்கும் மூடினோம். பாத்தியில் இருந்ததெல்லாம் கரைந்து போயிற்று.

"எந்தப் பாவி மழை கேட்டு வேண்டிக்கிட்டானோ!" என்றார் அஞ்சலை.

நான் இன்னொரு கீற்றை எடுக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். விலாசம் சொல்லாமல் வேண்டிக்கொண்டது என் தப்புதான். அந்த அம்மாவுக்கு மறுபடி உப்பு விளைய வேண்டும் என்று அங்கேயே நின்று மாரியம்மனிடம் திருத்திச் சொன்னேன்.

வீட்டுக்குப் போய் கெமிஸ்ட்ரி சார் பெட்டியைத் திறந்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒன்பது காகிதத்திலும் மை கரைந்து நீலமாக வழிந்திருந்தது. அதில் கலங்கின என் பொட்டெல்லாம் அவர்கள் கண்ணுக்கு மழைச் சேறு மாதிரிதான் தெரிந்தது போல. எந்தப் பாட்டில் எந்தப் பாத்தி என்று தெரியவில்லை. மறுபடி எடுக்கலாம் என்றால் பாத்தி முழுக்க மழைத் தண்ணீர்.

"மழைல நனைஞ்சிருக்கு. ஒரு மாச வேலை சார், எல்லாம் போச்சு" என்றார் சுவடி ஐயாவிடம்.

எல்லோரும் மழையைத் திட்டினார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருந்தால் தப்பித்தேன்; சொன்னால் மூளை கழண்டது என்பதற்கு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. டாக்டரம்மா வேறு பேனாவோடு எதிரே உட்கார்ந்திருந்தார். ஆனால் என் நகக்கண்ணில் சந்தனம் இன்னும் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே எப்படிப் பொய் சொல்வது?

"மழை இல்ல சார். நான்தான். பொட்டு வெச்சேன்."

"என்னது?"

"பாட்டிலுக்கு. வெள்ளிக்கிழமை ஆச்சே."

சார் பெட்டியோடு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். ஒவ்வொரு பாட்டிலாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுல ஒண்ணு வேற கொறைஞ்சிருக்கு" என்றார் கடைசியில்.

"அது நான் குடிச்சது சார். பைரவர். ஒன்பதாவது."

அவர் மெதுவாகத் திரும்பினார். "ஒன்பதாவதுன்னு எப்படித் தெரியும்?"

"பைரவர் ஒன்பதாவதுதானே சார்? அதுக்கப்புறம் கொடிமரம் வந்துடுமே."

யாருக்கும் புரியவில்லை. தரையில் பாட்டில்களை வைத்துக் காட்டினேன். கண்ணை மூடினால் எனக்குப் பிரகாரம் நடக்கும், நடந்துகொண்டே சொன்னேன். மூன்று கோடு நந்தி, அஞ்சலை அம்மா பாத்தி. நாலு பொட்டு நால்வர், மோட்டார் ரிப்பேராகிக் கிடந்த இடம். சந்தனம் தட்சிணாமூர்த்தி, சிவப்புத் துண்டுக்காரர் பீடி கேட்டாரே அங்கே. சுழி போட்டது பிள்ளையார், நண்டு ஓடின பாத்தி. இப்படியே ஒன்பதும். ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை.

"இவர் சொல்றது சரின்னு எப்படி நம்பறது?" என்றார் சார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

அப்போது வெள்ளைக்காரம்மா குதித்துக்கொண்டு போய் ரிக்கார்டரை எடுத்து வந்தார். ஓடவிட்டதும் அஞ்சலை குரல்: "பலகைக்குப் பேரு பலகைதான்!" அதற்குப் பின்னால் சின்னதாக என் குரல்: "நந்தியப்பா, காப்பாத்து." அடுத்து மோட்டார்க்காரர் குரல், பின்னால் நான், "நால்வர் பாதம் போற்றி." ஒவ்வொன்றாக வந்தது. ஆறு முடிந்து ஏழாவது பாத்திக்காரர் உப்பு விலை பற்றிப் புலம்புகிறார். அதற்கு நடுவில் மெதுவாக இரண்டு தட்டு.

"சண்டிகேஸ்வரர்!" என்று கத்தியவர் சுவடி ஐயா.

ஒன்பதாவது பாத்தியில் பேச்சே இல்லை. மடக் மடக் என்று ஒரு சத்தம். அப்புறம் ஒரு இருமல். சார் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். முதலில் அவர்தான் சிரித்தார். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை.

அன்று ராத்திரியே சார் அந்தப் பைரவர் தண்ணீரைச் சோதித்தார். "பெரியவரே, இதுல இருக்கிறது பேதி உப்பு" என்றார்.

சுவடி ஐயா விடவில்லை. "வயிறு சுத்தமானா புத்தி தெளியும்னு எழுதினவர் நெனைச்சிருக்கலாம்."

"அவர் குடிச்சுப் பாத்திருக்க மாட்டார் சார், இவர் பாத்திருக்கார்" என்றார் கெமிஸ்ட்ரி சார். புதுக் காகிதம் ஒட்டினார். எழுதி முடித்துவிட்டு, என்னைப் பார்த்து, ஒவ்வொரு பாட்டில் கழுத்திலும் தானே ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். காகிதத்தைத் தொடாமல்.

சனிக்கிழமை காலை டாக்டரம்மா மறுபடி எல்லாக் கேள்வியும் கேட்டு, கடைசியாக அந்த ஐந்து வார்த்தையைக் கேட்டார். இந்தத் தடவை குதிரை, எலுமிச்சை, ஏணி. மூன்றோடு நின்றுவிட்டது. எவ்வளவு முட்டியும் மற்ற இரண்டும் வரவில்லை. என் கண் கலங்கிவிட்டது.

"சாவி போயிடும்மா" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "ஐயா, என் பேப்பர்ல உங்களுக்குப் பதினாலு. நேத்து தரையில ஒன்பதுக்கு ஒன்பது. ரெண்டையும் சேத்துதான் எழுதணும். வருஷா வருஷம் வந்து காட்டுங்க." இங்கிலீஷில் எழுதிக் கொடுத்ததைச் சுவடி ஐயா எனக்குப் படித்துக் காட்டினார்: வயதுக்கு ஏற்ற மறதிதான். கோயில் வேலை பார்க்கலாம். அதை விடாமல் பார்த்தால் நல்லது. கடைசி வரி எழுத டாக்டருக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று எனக்குத் தெரியும், பிரகாரத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறவன்தான்.

ஊரில் இறங்கியதும் ஏகாம்பரம் பஸ் நிறுத்தத்திலேயே நின்றிருந்தான். நான் சட்டைப் பையில் கை விடுவதற்குள் சாவியை நீட்டினான்.

"கடுதாசி கெடக்கட்டும் அண்ணே. இந்தக் கொஞ்ச நாள்லயே என் முட்டி பூடிச்சி. அந்தத் துர்க்கை மாடத்துக்குக் குனியவே முடியல. நீ எப்புடித்தான் பண்றியோ. நீயே வெச்சிக்க."

சாவியை இடுப்பில் செருகினேன். வேட்டி நின்றது.

அன்று சாயந்திரம் கோயிலைத் திறந்து விளக்கேற்றினேன். நந்தி, நால்வர் என்று வரிசையாக வந்து, சண்டிகேஸ்வரரிடம் தட்டிவிட்டு, பைரவருக்கு அகலை வைத்துத் திரியைத் தூண்டும்போது, யாரோ காதில் ஓதின மாதிரி வந்தது. குதிரை. சுண்ணாம்பு. தொட்டில். ஏணி. எலுமிச்சை. ஐந்தும்!

கோயிலை ஒழுங்காகப் பூட்டினேன். பூட்டை இழுத்துப் பார்த்தேன். சாவியை இடுப்பில் தொட்டுப் பார்த்தேன். பிறகு ஓட்டமாக எஸ்டிடி பூத்துக்கு ஓடினேன். என்னவோ ஏதோ என்று ஏகாம்பரமும் முட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தான். கடுதாசியில் இருந்த நம்பரைப் போடச் சொன்னேன். டாக்டரம்மாவே எடுத்தார்.

"அம்மா! குதிரை, சுண்ணாம்பு, தொட்டில், ஏணி, எலுமிச்சை!"

"யாருங்க?"

"நான்தாம்மா. மரக்காணம். பாட்டிலுக்குப் பொட்டு."

"ஐயோ, நீங்களா! சொல்லுங்க, சொல்லுங்க. என்ன அஞ்சு சொன்னீங்க?"

மறுபடி சொன்னேன். சரிதானே என்று கேட்டேன்.

"ஒரு நிமிஷம் இருங்கய்யா. எனக்கே ஞாபகம் இல்ல. அந்தப் பேப்பரை எங்க வச்சேன்னு..." அங்கே மேஜை இழுப்பறை திறக்கிற சத்தம், மூடுகிற சத்தம், இன்னொன்று திறக்கிற சத்தம் எல்லாம் கேட்டது. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு மரியாதையாக நின்றேன்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியேயிருந்து ஏகாம்பரம், "டாக்டரம்மா இன்னா அண்ணே சொல்றாங்க?" என்றான்.

"தேடறாங்கடா" என்றேன்.